விரலில் 99 காட்டுகிறது... மூளைக்குப் போகிறதா?

"ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சிருச்சு. ஆனா, அப்பா பழைய அப்பாவா இல்ல."

வயதான ஒருவர் பெரிய ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பிய பல குடும்பங்களில் இந்தப் பேச்சு உண்டு. மணப்பாறைக்கு மட்டுமான பேச்சு அல்ல இது. ஆனால் மணப்பாறையிலிருந்தே தொடங்கலாம்.

மாட்டுச் சந்தையில் நாற்பது வருஷம் தரகு பார்த்த ஒரு பெரியவர் என்று வைத்துக்கொள்வோம். வயது 72. பல்லைப் பார்த்தே மாட்டின் வயசைச் சொல்லிவிடுவார். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலையை முடிப்பார். இரண்டு பக்கத் தரகையும் மனக்கணக்காகவே போட்டுவிடுவார். ஒருநாள் குளியலறையில் வழுக்கி விழுகிறார், இடுப்பெலும்பு முறிகிறது. ஆபரேஷனும் நன்றாகவே நடக்கிறது. இரண்டாம் நாள் ராத்திரி கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, "மாட்டை அவுத்துவிட்டது யாருடா?" என்று கத்துகிறார். கையில் ஏறும் குளுக்கோஸ் குழாயைப் பிடுங்குகிறார். மருமகளைப் பார்த்து "நீ யாரும்மா?" என்கிறார். ஒரு வாரத்தில் கத்தல் அடங்கிவிடுகிறது. ஆனால் வீட்டுக்கு வந்த பிறகும் ஐந்நூறு ரூபாய் நோட்டுக்கு மீதிச் சில்லறை வாங்கும்போது தடுமாறுகிறார்.

ஊர் உடனே தீர்ப்பு எழுதிவிடும்: "மயக்க ஊசி போட்டதுல மூளை போயிருச்சு." அந்தத் தீர்ப்பு அந்த ஒரு வீட்டோடு நிற்காது. அடுத்த தெருவில் இடுப்பு முறிந்து கிடக்கும் பாட்டி, "எனக்கு ஆபரேஷனெல்லாம் வேணாம், நாட்டுக் கட்டு போட்டு விட்டுருங்க" என்பார். படுக்கையிலேயே கிடக்கும் முதியவருக்குப் படுக்கைப் புண் வரும், நுரையீரலில் சளி கட்டும், காலில் ரத்தம் உறையும். மறதிக்குப் பயந்து உயிரையே பணயம் வைப்பதாக அது முடியும்.

இந்தப் பயத்துக்குப் பதிலாக இப்போது ஒரு கருவியின் பெயர் அடிபடுகிறது. ஆபரேஷன் நடக்கும்போதே மூளையில் ஆக்சிஜன் எவ்வளவு இருக்கிறது என்று நெற்றியில் ஒட்டிக் காட்டும் செரிப்ரல் ஆக்சிமீட்டர். "இதை மாட்டினால் ஞாபகசக்திக்கு ஒண்ணும் ஆகாது" என்று சொல்லிவிட முடியுமா? எல்லா ஆஸ்பத்திரியிலும் இதை வாங்கி வைத்துவிட வேண்டுமா? இரண்டுக்கும் பதில், அவசரப்படக் கூடாது என்பதுதான். அதற்காக இது உதவாத கருவி என்று ஒதுக்கிவிடவும் முடியாது.

முக்கொம்பும் கடைமடையும்

கொரோனா காலத்தில் தமிழ்நாட்டில் பல வீடுகளுக்குள் வந்துசேர்ந்தது பல்ஸ் ஆக்சிமீட்டர். விரலில் மாட்டினால் 98, 99 என்று காட்டும். ஜப்பானியப் பொறியாளர் தகுவோ அவோயாகி 1974-ல் கண்டறிந்த தத்துவம் அது. இன்று அது இல்லாமல் எந்த ஆபரேஷன் தியேட்டரிலும் மயக்க மருந்து கொடுக்க மாட்டார்கள். உலக சுகாதார நிறுவனம் 2008-ல் வெளியிட்ட அறுவை சிகிச்சைப் பாதுகாப்புப் பட்டியலிலும், மயக்கம் கொடுப்பதற்கு முன் பார்க்க வேண்டியவற்றில் அந்தக் கருவியும் ஒன்று.

ஆனால் விரல் சொல்வது ஒரே ஒரு விஷயத்தைத்தான். நுரையீரலிலிருந்து கிளம்பும் ரத்தம் ஆக்சிஜனை முழுசாக ஏற்றிக்கொண்டதா என்பது அது. அந்த ரத்தம் மூளைக்குப் போதுமான அளவு போய்ச் சேர்ந்ததா என்று விரலுக்குத் தெரியாது.

திருச்சிக்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். முக்கொம்பில் தண்ணீர் நிறைந்து நிற்கிறது என்பதற்காகக் கடைமடை வயல் நனைந்துவிட்டது என்று யாரும் சொல்வதில்லை. நடுவில் மதகு மூடியிருக்கலாம், வாய்க்கால் தூர்ந்திருக்கலாம், ஓட்டம் குறைந்திருக்கலாம். விரல் கருவி முக்கொம்பைப் பார்க்கிறது. மூளை கடைமடை.

அதுவும் சாதாரண கடைமடை அல்ல. உடல் எடையில் மூளை சுமார் 2 சதவீதம்தான். ஆனால் உடல் செலவழிக்கும் ஆக்சிஜனில் ஏறத்தாழ 20 சதவீதத்தை அதுவே எடுத்துக்கொள்கிறது. சேமித்து வைக்கும் பழக்கமும் அதற்குக் கிடையாது. ரத்த ஓட்டம் முழுவதுமாக நின்றால் சில வினாடிகளில் நினைவு தப்பும், சில நிமிடங்களில் செல்கள் சாகத் தொடங்கும்.

நெற்றியில் ஒட்டும் கருவி கடைமடையைப் பார்க்க முயல்கிறது. இடது நெற்றியில் ஒன்று, வலது நெற்றியில் ஒன்று என இரண்டு ஒட்டுச் சென்சார்கள். அவை கண்ணுக்குத் தெரியாத, சிவப்பு ஒளிக்குச் சற்று அப்பாலுள்ள அகச்சிவப்பு ஒளியை உள்ளே செலுத்துகின்றன. அந்த ஒளி தோலையும் மண்டையோட்டையும் கடந்து மூளையின் மேல்பரப்பு வரை போய்த் திரும்பும். ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபின் ஒரு மாதிரியும், ஆக்சிஜன் இறங்கிய ஹீமோகுளோபின் வேறு மாதிரியும் ஒளியை உறிஞ்சும். அந்த வித்தியாசத்தை வைத்துக் கணக்குப் போடுகிறார்கள். சென்சாரில் ஒளியைப் பிடிக்கும் கண்கள் இரண்டு இருக்கும். கிட்டத்தில் உள்ளது தோல், எலும்பின் கணக்கைச் சொல்லும். தூரத்தில் உள்ளது இன்னும் ஆழத்தின் கணக்கைச் சொல்லும். இரண்டையும் கழித்தால் மூளையின் கணக்கு. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபிரான்ஸ் ஜாப்சிஸ் 1977-ல் இந்த வழியைக் காட்டினார்.

விரல் கருவி 99 காட்டும் நேரத்தில் நெற்றிக் கருவி 65 என்று காட்டலாம். பதற வேண்டாம். அது காட்டுவது பெரும்பாலும் மூளையை விட்டு வெளியேறும் சிரை ரத்தத்தின் அளவு. வயல் குடித்தது போக வடிகாலில் மீதி எவ்வளவு ஓடுகிறது என்று பார்ப்பது போல. 60 முதல் 75 வரை பலருக்கும் இயல்பு. ஆனால் வடிகால் திடீரென்று வற்றினால், வரத்தைவிட வயல் அதிகமாகக் குடிக்கிறது என்று அர்த்தம். மயக்கம் கொடுப்பதற்கு முன் இருந்த அளவிலிருந்து ஐந்தில் ஒரு பங்கு இறங்கினாலோ, 50-க்குக் கீழே போனாலோ மருத்துவர்கள் உஷாராகிவிடுவார்கள்.

எண் குறைந்தால் என்ன செய்வார்கள்?

முதலில் பார்ப்பது கழுத்தைத்தான். தலை ஒரு பக்கமாகத் திரும்பி, கழுத்து நரம்பு நெருக்கப்பட்டிருக்கலாம். நிமிர்த்தி வைத்தாலே சில நேரம் எண் ஏறிவிடும். அடுத்து ரத்த அழுத்தம். அப்புறம் வென்டிலேட்டர். அது வேகமாக மூச்சைத் தள்ளிக் கரியமில வாயுவை அதிகம் வெளியேற்றிவிட்டால், மூளையின் ரத்தக் குழாய்கள் சுருங்கிவிடும். ஆக்சிஜனைக் கூட்டுவது, ரத்தம் குறைந்திருந்தால் ஏற்றுவது, மயக்கத்தை ஆழமாக்கி மூளையின் தேவையைக் குறைப்பது என்று படிப்படியாகப் போவார்கள்.

இதில் ரத்த அழுத்தம் நம்மூருக்கு முக்கியமான கதை. பல வருஷமாக மாத்திரை போடாமல் பிபி 170, 180 என்று வைத்திருக்கும் ஒருவரின் மூளை அந்த அழுத்தத்துக்கே பழகிப்போயிருக்கும். தியேட்டரில் அவருக்கு 110 என்று காட்டினால் தாளில் பார்க்க அது நல்ல எண். அவர் மூளைக்கு அது பற்றாக்குறையாக இருக்கலாம். 'எல்லோருக்கும் இதுதான் நார்மல்' என்ற கணக்கு இப்படிப்பட்டவர்களிடம் தவறிவிடும். அவரவர் மூளையே தன் நிலைமையைச் சொன்னால் நல்லதுதானே? அங்கேதான் இந்தக் கருவிக்கான உண்மையான நியாயம் இருக்கிறது.

இதய ஆபரேஷனில் அந்த நியாயம் இன்னும் வலுவானது. இந்தியாவின் முதல் பைபாஸ் ஆபரேஷனை 1975-ல் சென்னை பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் டாக்டர் கே.எம்.செரியன் செய்தார். ஐம்பது ஆண்டுகளில் பைபாஸ் என்பது சர்வசாதாரணமான வார்த்தையாகிவிட்டது. இதயத்தை நிறுத்திவிட்டு, இதய-நுரையீரல் இயந்திரம் ரத்தத்தை ஓட்டும்போது உடலில் நாடித்துடிப்பு பெரும்பாலும் இருக்காது. துடிப்பு இல்லையென்றால் விரல் கருவி திணறும். நெற்றிக் கருவிக்குத் துடிப்பு தேவையில்லை. இயந்திரத்தின் குழாய் சற்று நகர்ந்து மூளையின் ஒரு பக்கத்துக்கு ரத்தம் குறைந்தால், இடது ஓர் எண், வலது ஓர் எண் என்று உடனே காட்டிக்கொடுக்கும். கழுத்துத் தமனி ஆபரேஷன், பெருந்தமனி ஆபரேஷன், உட்கார வைத்துச் செய்யும் தோள்பட்டை ஆபரேஷன் ஆகியவற்றிலும் இதே காரணத்துக்காகத்தான் பல நாடுகளில் இதைப் பயன்படுத்துகிறார்கள்.

அப்படியானால் மறதி நின்றுவிடுமா?

இங்கேதான் நிதானம் வேண்டும். மூளைக்கு ஆக்சிஜன் குறைவதால்தான் ஆபரேஷனுக்குப் பிறகு மறதி வருகிறது என்பது கேட்க எளிமையாக இருக்கிறது. ஆய்வுகள் அவ்வளவு எளிதாகத் தலையாட்டவில்லை.

இந்தப் புகார் புதிதல்ல. 1955-லேயே ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த டாக்டர் பெட்ஃபோர்ட், 'ஆபரேஷனுக்குப் பிறகு ஆள் மாறிவிட்டார்' என்று குடும்பத்தார் சொன்ன முதியவர்களைப் பற்றி 'லான்செட்' இதழில் எழுதினார். அதன் பிறகு வந்த பெரிய ஆய்வு 1998-ல் அதே இதழில் வெளியானது. இதயம் அல்லாத பெரிய ஆபரேஷன் செய்துகொண்ட, 60 வயதைக் கடந்த 1,218 பேரைப் பல நாடுகளில் பின்தொடர்ந்தார்கள். ஒரு வாரம் கழித்து 25.8 சதவீதம் பேருக்கும், மூன்று மாதம் கழித்து 9.9 சதவீதம் பேருக்கும் நினைவும் கவனமும் குறைந்திருந்தன. ஆபரேஷன் செய்துகொள்ளாத அதே வயதுக்காரர்களில் மூன்று மாதத்தில் அந்த அளவு 2.8 சதவீதம்.

அதாவது ஊர்ப் பேச்சு பொய்யல்ல. சிலருக்கு உண்மையிலேயே மாற்றம் வருகிறது. அதே ஆய்வு இன்னொன்றையும் சொல்கிறது: நாலில் ஒருவருக்கு வந்த தடுமாற்றம் மூன்றே மாதத்தில் பத்தில் ஒருவராகக் குறைந்துவிட்டது. பெரும்பாலோர் மீண்டுவிடுகிறார்கள்.

இதயத்தில் பைபாஸ் செய்துகொண்டவர்களின் கணக்கு இன்னும் கனமானது. 2001-ல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வெளியான அமெரிக்க ஆய்வில் 261 பேரைப் பார்த்தார்கள். வீடு திரும்பும்போது 53 சதவீதம் பேருக்கும், ஆறு மாதத்தில் 24 சதவீதம் பேருக்கும் அறிவாற்றல் குறைந்திருந்தது.

ஆனால் 1998 ஆய்வின் முக்கியமான செய்தி வேறு. அதை நடத்தியவர்கள், ஆக்சிஜன் குறைவும் ரத்த அழுத்த வீழ்ச்சியும்தான் காரணமாக இருக்கும் என்று எதிர்பார்த்துத்தான் தொடங்கினார்கள். ராத்திரி பகலாக அளந்தும் பார்த்தார்கள். அந்தத் தொடர்பு கிடைக்கவில்லை. கிடைத்தவை வேறு காரணங்கள்: வயது, மயக்க நேரத்தின் நீளம், குறைவான படிப்பு, இரண்டாவது ஆபரேஷன், பிறகு வந்த தொற்று, மூச்சுச் சிக்கல். அந்த ஆய்வில் அளந்தது விரலில்தான், நெற்றியில் அல்ல என்று பதில் சொல்லலாம். நியாயமான பதிலே. ஆனால் நெற்றியில் அளந்த ஆய்வுகளும் முழு உறுதி தரவில்லை. கனடாவில் பைபாஸ் நோயாளிகள் 200 பேரிடம் நடந்து 2007-ல் வெளியான ஆய்வில், கருவியைப் பார்த்துச் சரிசெய்த குழுவில் பெரிய உறுப்புச் சிக்கல்கள் குறைந்தன. அதனால் நம்பிக்கை பிறந்தது. ஆனால் 2018-ல் காக்ரேன் அமைப்பு எல்லா ஆய்வுகளையும் சேர்த்து அலசியபோது, மறதியையும் மனக்குழப்பத்தையும் இந்தக் கருவி குறைக்கிறதா என்பதற்கு உறுதியான ஆதாரம் போதவில்லை என்றது. குறைமாதக் குழந்தைகள் 1,601 பேரிடம் நடந்து 2023-ல் வெளியான பெரிய ஆய்விலும், பிறந்த முதல் மூன்று நாள் மூளை ஆக்சிஜனைக் கண்காணித்ததால் இறப்போ கடுமையான மூளைப் பாதிப்போ குறையவில்லை.

ஏன் இப்படி? ஆபரேஷனுக்குப் பின் வரும் மறதிக்கு ஒரே வாசல் கிடையாது. உடலில் கத்தி பட்டதும் கிளம்பும் அழற்சி, மூளைக்குப் போகும் நுண்ணிய ரத்தக் கட்டிகள், வலி, தூக்கமின்மை, தொற்று, ஏற்கெனவே மெல்ல வந்துகொண்டிருந்த டிமென்ஷியா என்று பல வாசல்கள். ஆக்சிஜன் அதில் ஒரு வாசல். ஒரு வாசலுக்கு மட்டும் காவல் போட்டுவிட்டு வீடு பத்திரம் என்று சொல்ல முடியாது.

கருவிக்கும் வரம்புகள் உண்டு. அது பார்ப்பது நெற்றிக்குப் பின்னால் உள்ள சின்னப் பகுதியை மட்டும். மூளையின் பின்பக்கத்தில் அடைப்பு ஏற்பட்டால் அதற்குத் தெரியாது. தோல் நிறமும் கணக்கை மாற்றும். கறுப்பின நோயாளிகளிடம் விரல் கருவி உண்மையான ஆக்சிஜன் குறைவைத் தவறவிடுவது, வெள்ளையர்களைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகம் என்று 2020-ல் அமெரிக்காவில் கண்டார்கள். நெற்றிக் கருவியும் ஒளியை நம்பித்தான் வேலை செய்கிறது. வெயிலில் உழைத்துக் கறுத்த நம் ஊர்த் தோலுக்கு இது சாதாரண விஷயமல்ல. அதனால்தான் திரையில் தெரியும் எண்ணைவிட, அதே மனிதரின் முதல் எண்ணிலிருந்து எவ்வளவு இறங்கியது என்பதையே நம்ப வேண்டும். மயக்கம் கொடுப்பதற்கு முன்பே ஒட்டி, முதல் அளவைக் குறிக்காவிட்டால் அந்தக் கருவியில் பாதிப் பயன் போய்விடும்.

ஆதாரம் இல்லையென்றால் வேண்டாமா?

இதற்கு எதிர்க்கேள்வி ஒன்று வரும், வரவும் வேண்டும். விரல் கருவிக்கு மட்டும் பெரிய ஆதாரம் இருக்கிறதா? 1993-ல் டென்மார்க்கில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் விரல் கருவியைச் சோதித்தார்கள். ஆக்சிஜன் குறைவைக் கண்டுபிடிப்பது பல மடங்கு கூடியது. ஆனால் மொத்தச் சிக்கல்களும் இறப்பும் குறைந்ததாகக் காட்ட முடியவில்லை. இருந்தும் இன்று அதை யாரும் கழற்றச் சொல்வதில்லை. அப்படியிருக்க நெற்றிக் கருவிக்கு மட்டும் ஏன் தனி அளவுகோல்?

நல்ல கேள்வி. பதில் செலவிலும் செயலிலும் இருக்கிறது. விரல் கருவி ஒன்றை வாங்கினால் ஆயிரம் பேருக்கு மாட்டலாம். நெற்றியில் ஒட்டும் சென்சார் பெரும்பாலும் ஒருமுறை ஒட்டி எறிவது, நோயாளிக்கு நோயாளி புதிதாக வாங்க வேண்டும். விரல் எண் இறங்கினால் தியேட்டரில் எல்லோருக்கும் என்ன செய்வதென்று தெரியும். நெற்றி எண் இறங்கினால் வரிசையாகப் பத்துக் காரணம் யோசிக்கப் பயிற்சி வேண்டும். பயிற்சி இல்லாத இடத்தில் எண்ணைப் பார்த்துப் பயந்து தேவையில்லாமல் ரத்தம் ஏற்றினால், அதுவே புது வம்பு.

ஆகவே இடம் பார்த்து வாங்க வேண்டும். இதய ஆபரேஷனுக்கு மணப்பாறைக்காரர்கள் திருச்சிக்கோ மதுரைக்கோ சென்னைக்கோ போகிறார்கள். அங்கே, இதயத்தையும் பெருந்தமனியையும் தொடும் தியேட்டர்களில் இந்தக் கருவி இருக்க வேண்டும் என்று கேட்பதில் நியாயம் உண்டு. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம், குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தருகிறது. இந்தச் சென்சாருக்கான செலவைச் சேர்ப்பதாக இருந்தால் அந்த ஆபரேஷன்களிலிருந்துதான் தொடங்க வேண்டும். மாறாக, குடலிறக்கத்துக்கும் மூட்டு மாற்றுக்கும் 'ஞாபகசக்தி பாதுகாப்பு' என்று பெயர் போட்டு ஒரு தொகையைப் பில்லில் யாராவது ஏற்றினால், அது இன்றைய ஆதாரத்துக்கு மீறிய வியாபாரம்.

மணப்பாறை வார்டுக்கு எது முதலில்?

திருச்சி மாவட்டத்தின் அரசு தலைமை மருத்துவமனை இருப்பது மணப்பாறையில்தான். அதுபோன்ற ஒரு மருத்துவமனையின் எலும்பு முறிவு வார்டுக்கு நூறு ரூபாய் செலவழிக்க இருந்தால், முதல் ரூபாய் நெற்றிக் கருவிக்குப் போகக் கூடாது. அதைவிட மலிவான, அதைவிட ஆதாரமுள்ள வேலைகள் காத்திருக்கின்றன.

டெலிரியம் எனப்படும் திடீர் மனக்குழப்பத்தைக் கவனிப்பது அதில் முதல் வேலை. இரண்டாம் நாள் ராத்திரி பெரியவர் கத்தினாரே, அதுதான் டெலிரியம். கத்தாமல் சுருண்டு படுத்து, கேட்டதற்குப் பதில் சொல்லாமல் இருப்பதும் டெலிரியம்தான். "பாவம், அசதியா தூங்குறாரு" என்று விட்டுவிடும் அந்த வகைதான் அதிகம் தவறிப்போகிறது. '4ஏடி' என்ற இலவசச் சோதனை இரண்டு நிமிஷத்தில் முடிந்துவிடும். விழிப்பு எப்படி இருக்கிறது, வயது என்ன, பிறந்த தேதி என்ன, இது எந்த இடம், எந்த வருஷம், மாதங்களைப் பின்னிருந்து சொல்ல முடிகிறதா, திடீர் மாற்றம் ஏதும் உண்டா என்று பார்ப்பார்கள். செவிலியரே செய்துவிடலாம்.

இதை அப்படியே பெயர்த்துக் கேட்டால் நம் ஊரில் வேலைக்கு ஆகாது. பிறந்த தேதி தெரியாத பெரியவர்கள் எத்தனையோ பேர். டிசம்பர், நவம்பர் என்று பின்னால் போகத் தெரியாதவர், பங்குனி, மாசி, தை என்று சரியாகப் போவார். ஹரியானாவின் வல்லப்கர் கிராமங்களில் எழுதப் படிக்கத் தெரியாத முதியோருக்கென்றே ஒரு நினைவுச் சோதனையை 1990-களில் இந்தியில் மாற்றி அமைத்தார்கள். அந்த அக்கறை இங்கேயும் வேண்டும். மாட்டுத் தரகரிடம் கடிகாரப் படம் வரையச் சொல்லிவிட்டு 'மறதி' என்று எழுதக் கூடாது. நாப்பதாயிரத்துக்கு முடிந்த மாட்டுக்கு நூத்துக்கு ரெண்டு என்றால் தரகு எவ்வளவு என்று கேட்கலாம். அதையும் ஆபரேஷனுக்கு முன்பே ஒருமுறை கேட்டுக் குறித்திருந்தால்தான், பிறகு வந்த மாற்றம் மாற்றமா என்று தெரியும்.

குடும்பம் மறைக்காமல் சொல்ல வேண்டியது குடிப்பழக்கம். தினமும் குடித்துப் பழகியவர் ஆஸ்பத்திரியில் சேர்ந்ததும் திடீரென்று நிறுத்துவதால், இரண்டு மூன்று நாளில் நடுக்கமும் பிதற்றலும் வரும். இதற்குத் தனி மருந்து உண்டு. "எங்க அப்பா குடிக்க மாட்டாரு சார்" என்று கௌரவம் பார்த்தால், அந்தக் கௌரவத்துக்கு விலை கொடுப்பது அப்பாவின் மூளை. தூக்க மாத்திரைக்கும் இதே விதிதான். வழக்கமாகப் போடும் மாத்திரைச் சீட்டு முழுவதையும் மயக்க மருந்து தரும் டாக்டரிடம் காட்டிவிட வேண்டும்.

அடுத்தது பட்டினி. "ராத்திரியிலேருந்து பச்சைத் தண்ணிகூடக் கூடாது" என்று சொல்லி, மறுநாள் மதியம்வரை காயப்போடும் பழக்கம் இன்னும் இருக்கிறது. சாதாரண நோயாளிக்கு ஆபரேஷனுக்கு இரண்டு மணி நேரம் முன்புவரை வெறும் தண்ணீர் கொடுக்கலாம் என்பதே இன்றைய மயக்கவியல் வழிகாட்டுதல். சர்க்கரை, வயிற்றுப் பிரச்சினை உள்ளவர்களுக்கு அது மாறும். எனவே தானாக முடிவெடுக்காமல், "எத்தனை மணி வரைக்கும் தண்ணி குடுக்கலாம்?" என்று கேட்டுவிடுவது நல்லது.

முதுகில் ஊசியா, முழு மயக்கமா என்ற சண்டையும் பல வீடுகளில் நடக்கும். முதுகில் போட்டால் மூளைக்கு நல்லது என்பார் ஒருவர். 2021-ல் வெளியான ஆய்வில், இடுப்பெலும்பு முறிந்த 1,600 பேரை இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள். மனக்குழப்பம் இரு பக்கமும் ஏறத்தாழ ஒரே அளவு, ஐந்தில் ஒருவருக்கு. ஆகவே அந்த முடிவை நோயாளியின் உடல்நிலையைப் பார்த்து டாக்டர் எடுக்கட்டும்.

அட்டெண்டரே மருந்து

இவை எல்லாவற்றையும்விடச் சக்தி வாய்ந்த ஒன்று நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக மருத்துவமனையில் டாக்டர் ஷாரன் இனோயே ஒரு திட்டம் நடத்தினார். முதியோரிடம் போய்ப் பேசுவது, இன்று என்ன நாள் என்று சொல்வது, கண்ணாடியும் காதுக் கருவியும் மாட்டிவிடுவது, தண்ணீர் குடிக்க வைப்பது, நடக்க வைப்பது, ராத்திரி தூங்க விடுவது, இவ்வளவுதான். 852 பேரிடம் நடந்த அந்த ஆய்வு 1999-ல் வெளியானது. மனக்குழப்பம் 15 சதவீதத்திலிருந்து 9.9 சதவீதமாகக் குறைந்தது. அவர்கள் பொது மருத்துவ வார்டு நோயாளிகள். அதே வழியை ஆபரேஷன் வார்டுகளுக்கும் பிறகு கொண்டுபோனார்கள்.

அங்கே அதற்குத் தன்னார்வலர்களைத் தேடிப் பயிற்சி தர வேண்டியிருந்தது. இங்கே பெரியவருக்குக் கீழே பாய் விரித்து மகளோ பேத்தியோ படுத்திருக்கிறாள். அவளை 'கூட்டம் போடாதே' என்று விரட்டுகிறோமே தவிர, அவளுக்கு ஒரு வேலை இருக்கிறது என்று யாரும் சொல்வதில்லை. "தாத்தாவுக்குக் கண்ணாடியை மாட்டி விடும்மா, பல்செட்டை எடுத்துக் குடு, பகல்ல தூங்கவிடாம பேச்சுக் குடு, ராத்திரி லைட்டை அமத்து, குழப்பமாப் பேசினா எதிர்த்து வாதாடாம நிதானமா இது ஆஸ்பத்திரின்னு சொல்லு, உடனே சிஸ்டரைக் கூப்பிடு" என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுக்க எவ்வளவு செலவாகும்?

தமிழ்நாட்டுக்கு இது தள்ளிப்போடக்கூடிய விஷயமும் அல்ல. 2021 கணக்குப்படி மாநில மக்கள்தொகையில் 13.6 சதவீதம் பேர் 60 வயதைக் கடந்தவர்கள். கேரளாவுக்கு அடுத்த இடம் நமக்குத்தான். நாட்டில் 60 வயதைக் கடந்தோரில் 7.4 சதவீதம் பேருக்கு டிமென்ஷியா இருப்பதாக மதிப்பிடப்பட்டிருக்கிறது. இடுப்பெலும்பும் மூட்டும் இதயமும் பழுதாகி தியேட்டருக்குள் போகப்போகும் முதியவர்கள் வருஷா வருஷம் கூடத்தான் போகிறார்கள்.

வீட்டுக்குப் போன பிறகு என்ன ஆனது என்று பார்க்கவும் வழியிருக்கிறது. 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிபி, சுகர் மாத்திரையோடு ஊழியர்கள் வீட்டுக்கே வருகிறார்கள். மூன்று மாதம் கழித்து அவர்கள் கூடுதலாக ஒரு கேள்வி கேட்டால் போதும்: "ஆபரேஷனுக்கு முன்னாடி செஞ்ச வேலையெல்லாம் இப்பவும் செய்யறாரா?" இல்லை என்று பதில் வந்தால் மருத்துவமனைக்கு அனுப்பலாம். காதோ, மருந்தோ, சத்துக்குறைவோ, மனச்சோர்வோ காரணமாக இருந்தால் சரிசெய்துவிட முடியும்.

குடும்பங்களும் தியேட்டர் வாசலில் கையெழுத்துப் போடுமுன் சில கேள்விகளைக் கேட்கலாம். அவருடைய வழக்கமான பிபி எவ்வளவு என்று உங்களுக்குத் தெரியுமா? மூளைக்கு ஆபத்து அதிகமுள்ள ஆபரேஷனா இது? அப்படியானால் மூளை ஆக்சிஜனைப் பார்ப்பீர்களா, குறைந்தால் என்ன செய்வீர்கள்? கண்விழித்ததும் நாங்கள் பக்கத்தில் இருக்கலாமா? இந்தக் கேள்விகளால் எந்த நல்ல டாக்டரும் கோபப்பட மாட்டார்.

கூடவே டாக்டர்களும் முன்கூட்டியே ஒரு வாக்கியம் சொல்லிவிட வேண்டும்: "ரெண்டு மூணு நாள் குழப்பமாப் பேசலாம், பயந்துடாதீங்க, சொல்லுங்க. பெரும்பாலானவங்களுக்குச் சரியாயிடும். சிலருக்கு மாசக்கணக்காகலாம்." இந்த வாக்கியம் சொல்லப்படாத இடத்தில்தான் "மயக்க ஊசியில மூளை போச்சு" என்ற வாக்கியம் முளைக்கிறது.

நெற்றியில் ஒட்டும் கருவி வரட்டும், வர வேண்டிய தியேட்டருக்கு வரட்டும். ஆனால் அது பார்த்துக்கொள்வது ஆபரேஷன் நடக்கும் நாலு மணி நேரத்தை மட்டும்தான். அதற்கு முந்திய ஒரு வாரத்தையும் பிந்திய மூன்று மாதத்தையும் மனிதர்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்தப் பெரியவர் மறுபடியும் சந்தைக்குப் போய், துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசினால்தான் அந்த ஆபரேஷன் முடிந்தது என்று அர்த்தம்.